யூரின் டியூபுக்கு வால்வு: எதை வாங்குவது, யாருக்கு வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. புராஸ்டேட் வீக்கம். இதயம் பலவீனமாக இருப்பதால் ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சில மாதங்களாக டியூபும் யூரோ பேக்குமாகத்தான் இருக்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வெட்கப்பட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. பைக்குப் பதிலாக டியூப் முனையில் ஒரு வால்வு மாட்டலாம் என்று கேள்விப்பட்டு, எங்கள் ஊர் சர்ஜிக்கல் கடையில் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் அடைப்பானை எடுத்துக் கொடுத்து "இரண்டும் ஒன்றுதான்" என்றார்கள். ஆன்லைனில் பார்த்தால் விதவிதமாக இருக்கிறது. எதை வாங்குவது?
வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் ஒன்றல்ல, முதலில் அந்த அடைப்பானைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிகாட் என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்தச் சாமான், டியூப் வாயைச் சும்மா அடைத்து வைக்கும் முளை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் அதைப் பிடுங்க வேண்டும், கையில் வைத்திருக்க வேண்டும், திரும்பச் செருக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை டியூப் வாய் திறந்து மூடினால் கிருமி உள்ளே போக அத்தனை வாய்ப்பு, கையெல்லாம் நனைவது வேறு. வால்வு அப்படியில்லை. டியூபில் ஒருமுறை மாட்டினால், அடுத்த வால்வு மாற்றும் நாள்வரை அந்த இணைப்பைத் தொடவே வேண்டாம். கீழே இருக்கும் சின்ன நெம்பை (லீவர்) தள்ளினால் திறக்கும், திருப்பித் தள்ளினால் மூடும். பையே இல்லாமல் பகலில் நடமாடலாம், வேட்டிக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் டியூபை மடித்து ரப்பர் பேண்ட் போடுகிறார்கள், துணி கிளிப் மாட்டுகிறார்கள், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், டியூபின் உட்சுவர் நசுங்கி ஒட்டிக்கொண்டால் பிறகு திறந்தாலும் ஒழுங்காக வடியாது.

ஆனால் எந்த வால்வு என்பதற்கு முன்னால் அப்பாவுக்கு வால்வு போடலாமா என்று பார்க்க வேண்டும், உங்கள் கடிதத்தில் டாக்டர் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று எங்கும் இல்லை. பை மாட்டியிருக்கும்போது சிறுநீர்ப்பை எப்போதும் காலியாகவே இருக்கிறது. வால்வை மூடினால் அது மறுபடி நிறையும், நிறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் சிலருக்கு மேலே சிறுநீரகம் வரை போய்ப் பாதிக்கும். புராஸ்டேட் அடைப்பினால் நெடுநாள் சிறுநீர் தேங்கி, ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக எழுதியிருந்தாலோ ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஏறியிருந்தாலோ யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை டாக்டர், சரி என்று சொல்லாமல் வால்வைத் தொடவே கூடாது. சிறுநீர்ப்பை சுருங்கிக் கொஞ்சம்கூடத் தாங்காதவர்களுக்கும், அடிக்கடி இறுகித் துடிக்கும் சிறுநீர்ப்பை உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது, டியூபைச் சுற்றி ஒழுகும், வலிக்கும். புராஸ்டேட், சிறுநீர்ப்பை ஆபரேஷன் முடிந்த புதிதிலும் டாக்டர் சொல்லாமல் கூடாது. மறதி நோய் உள்ளவர்களுக்கு, நேரத்துக்குத் திறந்துவிடப் பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும். ஆகவே அடுத்த தடவை டியூப் மாற்றப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனையையும் கையோடு கொண்டுபோய், "வால்வு போட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்தில்லையா, எத்தனை மணிக்கு ஒருமுறை திறக்க வேண்டும், எவ்வளவு மில்லி வரை நிறையவிடலாம்" என்று நேராகக் கேளுங்கள்.

டாக்டர் சரி என்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பார்க்க வேண்டியது விலையை அல்ல, கம்பெனியை அல்ல, அப்பாவின் விரல்களை. ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் விதங்கள் எல்லாம் கடைசியில் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடும். நெம்பு வகை, மேலே கீழே தட்டினால் போதும், ஒரு விரலே வேலையை முடித்துவிடும், பார்டு கம்பெனியின் ஃப்ளிப்-ஃப்ளோ இந்த வகை. குறுக்குத் தண்டு வகை, இந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும், அந்தப் பக்கம் தள்ளினால் மூடும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், நம் ஊர் யூரோ பேக் பலவற்றின் அடியில் இருப்பதும் இதே அமைப்புதான். மூன்றாவது, திருகும் வகை, இதற்கு விரலால் பிடித்து முறுக்கும் பலம் வேண்டும். 74 வயதில் மூட்டு வலி, கை நடுக்கம், சர்க்கரையால் விரல் மரத்துப்போவது எதுவும் இல்லாமல் இருந்தால் எந்த வகையும் சரிப்படும், ஆனால் அப்படி இருப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் வயதானவர்களுக்கு நெம்பு வகைதான், கொஞ்சம் விலை கூடினாலும். அதில் இன்னொரு வசதி, மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது நெம்பு நிற்கும் நிலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அரைகுறை வெளிச்சத்தில் கழிவறையில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

எதுவானாலும் பெட்டியாக வாங்காதீர்கள், முதலில் ஒன்றே ஒன்று. அதை டியூபில் மாட்டுவதற்கு முன், அப்பா கையைச் சோப்புப் போட்டு ஈரமாக வைத்துக்கொண்டு, நின்றபடி, குனிந்து கண்ணால் பார்க்காமல் பத்துத் தடவை திறந்து மூடட்டும். கை ஈரமாகத்தான் இருக்கும், கண்ணாடி மூக்கில் இருக்காது, வேட்டியை ஒரு கையால் பிடித்திருப்பார், நிஜத்தில் அப்படித்தான் நடக்கப் போகிறது. இதில் தடுமாறினால் அந்த வகை வேண்டாம். சோதித்துப் பார்த்த அந்த ஒன்றை மாட்டவும் வேண்டாம், பிரித்துக் கையாண்ட பிறகு அது சுத்தமானதல்ல, பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வால்வு காசு போகிறதே என்று நினைக்காதீர்கள், ஒத்துவராத ஒரு பெட்டி அலமாரியில் கிடப்பதைவிட அது மேல்.

அதே சோதனை வால்விலேயே இன்னும் இரண்டு பார்த்துவிடுங்கள். ஒன்று, அதன் கீழ்முனையில் நீங்கள் வழக்கமாக வாங்கும் 2 லிட்டர் பையின் குழாய் இறுக்கமாகப் பொருந்துகிறதா. ராத்திரி வால்வின் அடியில் பையை மாட்டி, நெம்பைத் திறந்தே விட்டுவிட வேண்டும், அப்போதுதான் அவரும் தூங்கலாம் நீங்களும் தூங்கலாம், அது பொருந்தாமல் நழுவினால் படுக்கை முழுக்க நனையும். இன்னொன்று, உட்கார்ந்து எழும்போது துணி இழுத்து நெம்பு தானாகத் திறந்துகொள்ளுமா என்று. மிகவும் லேசாகத் திறப்பது கைக்குச் சுகம், ஆனால் பஸ்ஸில் உட்காரும்போது ஆபத்து, இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். கூடவே தொடையில் டியூபைப் பிடித்துக்கொள்ளும் பட்டையும் வாங்கிவிடுங்கள். பை போனாலும் வால்வுக்கும் எடை உண்டு, தொங்கவிட்டால் நடக்கும்போதெல்லாம் உள்ளே இழுக்கும்.

மாட்டிய பிறகு பொதுவாக 3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திறக்கச் சொல்வார்கள், முட்டும் உணர்வு வந்தால் அதற்கு முன்பே. இதயம் பலவீனம் என்கிறீர்கள், அப்படியானால் அநேகமாக நீர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார், அது போட்ட அடுத்த சில மணி நேரம் சிறுநீர்ப்பை வேகமாக நிறையும், அந்த நேரத்தில் 4 மணிக் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கும் இதய டாக்டர் சொன்ன அளவே முடிவு, "டியூப் இருக்கிறது, நிறையக் குடி" என்று பக்கத்து வீட்டில் சொல்வது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. திறப்பதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், வால்வின் முனை கழிவறைப் பீங்கானில் படக் கூடாது. திறந்தும் சிறுநீர் வரவில்லை, அடிவயிறு உப்புகிறது, குளிர் காய்ச்சல், ரத்தம் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

வால்வு போட்டால் தொற்றே வராது என்று விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம், டியூப் உள்ளே இருக்கும்வரை தொற்று அபாயம் உண்டு. ஆனால் ஒரு நன்மை சொல்லலாம். சொட்டுச் சொட்டாக எந்நேரமும் வடிவதற்குப் பதில் நிறைந்து ஒரே வேகத்தில் பாய்வதால் டியூபுக்குள் உப்புப் படிந்து அடைப்பது தாமதமாகிறது என்று பிரிட்டனில் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள், 2005இல் வெளியான ஆய்வு அது. அடிக்கடி டியூப் அடைத்துக்கொள்ளும் ஆட்கள் இதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: வால்வு பாக்கெட்டில் 2 என்ற எண்ணை அடித்துப் போட்ட ஒரு குறி இருக்கிறது. அதே வால்வை ஒரு வாரம் வைத்திருக்கலாம் என்றும் உள்ளே எழுதியிருக்கிறது. எது சரி? வெந்நீரில் அலசி மறுபடி மாட்டினால் செலவு குறையுமே?
வாசகி, மதுரை

பதில்: இரண்டும் சரிதான். மாட்டிய இடத்திலேயே, கழற்றாமல், பெரும்பாலான வால்வுகளை 5 முதல் 7 நாள் வரை வைத்திருக்கலாம், உங்கள் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாளே கணக்கு. அடித்த 2 சொல்வது, ஒருமுறை கழற்றிவிட்டால் திரும்ப மாட்டக் கூடாது என்பது. வெந்நீரில் அலசினாலும் உள்ளே இருக்கும் மடிப்புகளை விட்டுக் கிருமி போகாது, சூட்டில் அடைப்பு ரப்பர் தளர்ந்து ஒழுகவும் ஆரம்பிக்கலாம். செலவு உங்களை உறுத்துவது நியாயம், பிரிட்டனில் இது டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பொருள், இங்கே முழுக்க நம் கைக்காசு. மாதத்துக்கு 4 முதல் 6 வேண்டியிருக்கும், அதை வைத்து விலையைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். கட்டுப்படியாகாது என்றால் வால்வைக் கழுவிக் கழுவி ஓட்டுவதைவிட, தொடையில் கட்டும் லெக் பேக் பாதுகாப்பானது, அதிலும் வெளியே போய் வரலாம், அதில் குறைவாக நினைக்க ஒன்றுமே இல்லை.

கேள்வி: ஆன்லைனில் 10 வால்வு வாங்கினேன். மூன்று பாக்கெட் ஓரம் பிரிந்திருந்தது. எதிலும் காலாவதித் தேதி இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. திருப்பிக் கேட்டால் "சுகாதாரப் பொருள், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள்.
வாசகர், திருப்பூர்

பதில்: ஒன்றைக்கூட மாட்டாதீர்கள், பிரியாத ஏழு உட்பட. மருத்துவச் சாதன விதிகள் 2017இன்படி லேபிளில் தயாரிப்பாளர் பெயர், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதைக் காட்டும் எண்), காலாவதி, கிருமி நீக்கப்பட்டதா என்ற விவரம், இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயர் முகவரியும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத பொருள் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

"ரிட்டர்ன் கிடையாது" என்பது மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவர்களுக்குச் சொல்லலாம், குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020இல் இது தெளிவாகவே இருக்கிறது, பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணத்தையும் தர மறுக்கக் கூடாது. பாக்கெட்டின் இரண்டு பக்கமும், பிரிந்த ஓரமும், வந்த அட்டைப்பெட்டி முகவரிச் சீட்டும் போட்டோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று அவர் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் குடியிருக்கும் திருப்பூரிலேயே மனுப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பணத்தோடு விடாமல் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள், அதே சரக்கு இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: தம்பிக்கு விபத்தில் கழுத்தெலும்பில் அடி, கை கால் வராது. அடிவயிறு வழியாக டியூப். பைக்குப் பதில் வால்வு போட்டால் வீல்சேரில் வசதியாக இருக்குமா?
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அடிவயிற்று டியூபுக்கும் வால்வு பொருந்தும், அதில் சிக்கல் இல்லை. தம்பியின் நிலைமைதான் வேறு. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை அளவுக்கு மேல் நிறைந்தால் திடீரென்று ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, இதெல்லாம் அதன் அறிகுறி, உயிருக்கே ஆபத்தாகும். முட்டுகிறது என்ற வழக்கமான உணர்வும் அவருக்கு வராமல் இருக்கலாம், வந்தாலும் தானாகத் திறக்கக் கை வராது. ஆகவே தண்டுவடப் பிரிவு டாக்டர் பார்த்து, நேரக்கணக்கு எழுதிக் கொடுத்து, எந்நேரமும் பக்கத்தில் இருப்பவர் பழகிக்கொண்டால் ஒழிய வேண்டாம். ஏற்கெனவே யாராவது மாட்டிவிட்டிருந்தால், தலைவலி என்று அவர் சொன்ன அந்த நிமிடமே நிமிர்த்தி உட்காரவைத்து வால்வைத் திறந்துவிடுங்கள், டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இதைச் செய்த கையோடு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மற்றவர்களுக்குப் போன் செய்வதெல்லாம் அதற்கப்புறம்.