ரீபோர் பண்ணி (சிலிண்டரை உள்பக்கம் அறுத்து அகலமாக்கி) 1600 சிசி ஆக்கிருக்கறதா விக்கிறவர் சொல்ற இன்ஜினோட பழைய அம்பாசிடர் மார்க் 2 வாங்கலாமா? இன்ஜின் தாங்குமா?

வாங்கலாம். ஆனா "1600 சிசி ஆக்கிருக்கோம்"னு விக்கிறவர் சொன்னதா எழுதிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீங்க. எங்க வீட்டு மார்க் 2-வும் 60 ஓவர்சைஸ்லதான் (ஒரிஜினலை விட பெரிய பிஸ்டன்) ஓடுது, அதுக்காக நாங்க கேக்காத பேச்சு இல்ல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல கணக்கு பாத்துருவோம். இசுசு இன்ஜின் வர்றதுக்கு முன்னாடி அம்பாசிடர்ல இருந்தது பிஎம்சி பி சீரிஸ் பெட்ரோல் இன்ஜின். போர் (சிலிண்டரோட உள் அகலம்) 73.025 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 88.9 மிமீ, நாலு சிலிண்டரும் சேந்து 1489 சிசி. ரீபோர் பண்றப்ப 20, 40, 60னு தௌ (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல போவாங்க. 60 போட்டா போர் ஒண்ணரை மிமீ பெரிசாகும், கணக்கு போட்டா 1552 சிசி வரும், அவ்ளோதான். இங்கிலாந்துல இதே பி சீரிஸ்ல கம்பெனியே 1622 சிசி பண்ணாங்க, அதுக்கு போர் 76.2 மிமீ. உங்க பிளாக்ல (சிலிண்டர்கள் இருக்கற இரும்புக் கட்டி) அதைக் கொண்டு வரணும்னா 3 மிமீக்கு மேல அறுக்கணும், சுவர் எவ்ளோ மிஞ்சும்னு நீங்களே யோசிங்க. அதுக்கு மேல 1798 போனப்ப ரெண்டு ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல தண்ணி போற வழியையே எடுத்துட்டாங்க. அதனால விக்கிறவர்கிட்ட "பிஸ்டன் என்ன சைஸ் போட்டீங்க, பில் இருக்கா"ன்னு கேளுங்க. 60னு சொன்னா பரவால்ல. 1600னே சாதிச்சா, அந்த வேலை நடந்தப்ப அவர் பக்கத்துல இல்லன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ஓவர்சைஸ்னா பவர் ஏத்தினதுன்னு நினைச்சுராதீங்க. சிலிண்டர் தேஞ்சு முட்டை வடிவம் ஆயிருக்கும், அதை மறுபடி வட்டமாக்கத்தான் அறுக்கறது. 60ங்கறது பொதுவா கடைசி ரவுண்டு, அடுத்த தடவை ஸ்லீவ்தான் (சிலிண்டருக்குள்ள புது குழாய் இறக்கறது). அதுக்காக அது கெட்ட இன்ஜின் ஆயிடாது. 20 ஓவர்சைஸ்ல கண்டபடி பண்ணின இன்ஜினை விட 60ல ஒழுங்கா பண்ணினது ரொம்ப வருஷம் ஓடும், அதை நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன்.

எங்க வண்டி அப்பா வாங்கினது, 1970 மாடல், சேலத்துல இருக்கோம். ஒரு ஒர்க்‌ஷாப்ல வெறும் ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையம்) மட்டும் மாத்திட்டு "இன்ஜின் புதுசு சார்"னு குடுத்தாங்க, ஒரு வருஷம் கூட தாங்கல, ஆயில் கேப்பை தொறந்தா பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டி கீழ இறங்கற புகை) குபுகுபுன்னு வரும். அப்புறம் பிளாக்கை இறக்கி கோயம்புத்தூர் எடுத்துட்டுப் போனோம். அங்க லேத்துல இருந்த அண்ணன் ஏற்கனவே 40 போட்டிருக்குன்னு பாத்ததும் சொல்லிட்டார், "60 போடலாமுங்க, ஆனா பிஸ்டன் கைக்கு வரட்டுமுங்க, அப்புறந்தான் போர்". அவசரப்படுத்தினோம், மனுஷன் அசையல. பிஸ்டன் வந்த அன்னிக்கு ஒவ்வொண்ணையும் மைக்ரோமீட்டர்ல பிடிச்சு எது எந்த சிலிண்டர்னு பிளாக் மேல சாக்பீஸ்ல எழுதினார். போர் போட்டு ஹோனிங் (சிலிண்டர் சுவரை நைசா தேய்க்கறது) முடிஞ்சதும் டயல் கேஜை இறக்கி மேல, நடு, அடின்னு மூணு இடம், ஒவ்வொரு இடத்துலயும் நேரா ஒரு தடவை குறுக்க ஒரு தடவை. ரிங்கை மாட்டறதுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ள தனியா விட்டு, பிஸ்டனை தலைகீழா வெச்சு தள்ளி, ஃபீலர் கேஜ்ல (மெல்லிசான அளவுத் தகடு) ரிங் முனைகளுக்கு நடுவுல இருக்கற கேப் பாத்தார். ஒரு ரிங் டைட்டா இருந்துச்சு, அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு மறுபடி பாத்தார். நம்பிக்கைன்னா எனக்கு அதுதாங்க, சிசி நம்பர் இல்ல. கிராங்கையும் (பிஸ்டன்கள் சுத்தி விடற தண்டு) கிரைண்டிங் பண்ணி புது பேரிங் போட்டோம், ஹெட்ல (சிலிண்டருக்கு மேல இருக்கற மூடி) வால்வ் சீட்டும் கெட்டி இரும்புல மாத்தினோம், 2000-க்கு அப்புறம் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது, பழைய சீட் அப்படியே இருந்தா வால்வ் உள்ள இறங்கிட்டே போகும்.

நீங்க பாக்கப் போறப்ப வண்டி ஜில்லுன்னு இருக்கணும், நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிருங்க. ஸ்டார்ட் பண்ணி அரைமணி நேரம் ஓட்டி நல்லா சூடானதுக்கு அப்புறம்தான் உண்மை தெரியும். மெக்கானிக்கை கூட்டிட்டுப் போய் ஆயில் பிரஷர் கேஜை மாட்டச் சொல்லுங்க, ஜில்லுன்னு இருக்கறப்ப எல்லா இன்ஜினும் நல்லா காட்டும், சூட்டுல ஓட்டத்துல 40 பிஎஸ்ஐக்கு மேலயும் ஐடில்ல 15க்கு கீழ போகாமலும் நின்னா நான் திருப்தி ஆயிடுவேன். கம்ப்ரஷன் நாலு சிலிண்டர்லயும் பாருங்க, நம்பர் எவ்ளோங்கறதை விட நாலும் பத்து சதவீதத்துக்குள்ள ஒத்துப் போகுதான்னு பாக்கறது முக்கியம். ஏதாவது ஒண்ணு கம்மியா இருந்தா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாக்கணும், ஏறினா ரிங், ஏறலன்னா வால்வ். அப்புறம் ஒரு ஏத்தம். நாங்க ஏற்காடு ஏறினோம், 20 கொண்டை ஊசி வளைவு, டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டல. போர் பெரிசானா கம்ப்ரஷனும் கொஞ்சம் ஏறும், ஹெட்டையும் ஃபேஸிங் (அடிப்பக்கத்தை சமமா சீவறது) பண்ணிருந்தா இன்னும் ஏறும், ஏத்தத்துல கிணிகிணின்னு நாக்கிங் சத்தம் வந்தா அங்கயே தெரிஞ்சுரும்.

"மூணு மெயின் பேரிங் கிராங்க், இதுல போய் போரை பெரிசாக்கலாமா"ன்னு சொல்ல சிலர் வருவாங்கன்னு தெரியும். மூணு பேரிங்தான், நான் மறுக்கல, இதே பி சீரிஸ் போட்ட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கே 1964லதான் அஞ்சு பேரிங் வந்துச்சு. ஆனா 63 சிசி கூடினதால அந்த கிராங்க் உடையாது, ஓயாம ரேவ் ஏத்தி ஓட்டினா ஸ்டாண்டர்ட் போர்லயும் அடி வாங்கும். நான் 70 கிலோமீட்டர் ஸ்பீடைத் தாண்டறதில்ல, ஆயிலை கரெக்டா மாத்தறேன். நான் மெக்கானிக் இல்ல, என் வண்டில நடந்ததை சொல்றேன்.

"ஒரிஜினாலிட்டி போச்சு"ன்னு சொல்றவங்க மேலதான் எனக்கு நிஜமான வருத்தம். 2021ல வந்த வின்டேஜ் விதில 50 வருஷம் தாண்டின வண்டி, இன்ஜின்ல பாடில பெரிய மாற்றம் பண்ணாம இருந்தாதான் வின்டேஜ். சரி, தேஞ்ச சிலிண்டரை சரி பண்ணினது மாற்றமா? நான் கேட்ட இடத்துல ஆளுக்கு ஒரு பதில். வின்டேஜ்னு பதிஞ்சா தினசரி ஓட்டக் கூடாது, பதியலன்னா 15 வருஷம் தாண்டின எல்லா கார் மாதிரியும் ஆர்சி புதுப்பிக்கணும், 600 ரூபாயா இருந்த அந்த ஃபீஸை 2022 ஏப்ரல்ல 5000 ஆக்கினாங்க, 2025ல 20 வருஷம் தாண்டின வண்டிக்கு இன்னும் ஏத்திட்டாங்க. ஷெட்டுல துணி போத்தி வெச்சிருக்கறவருக்கு மரியாதை, அப்பா வண்டியை ரோட்டுல உயிரோட வெச்சிருக்கறவனுக்கு அலைச்சல். இதை யார்கிட்ட போய் சொல்றது.

நீங்க பாக்கற வண்டில பிளாக்ல இருக்கற இன்ஜின் நம்பர் ஆர்சியோட ஒத்துப் போகுதான்னு டார்ச் அடிச்சுப் பாத்துருங்க, பிளாக்கையே மாத்திருந்தா இவ்ளோ நேரம் நான் சொன்ன ஓவர்சைஸ் கணக்கெல்லாம் அப்புறம், முதல்ல அந்தப் பேப்பரை விக்கிறவர் பேர்லயே சரி பண்ணித் தரச் சொல்லிட்டு அட்வான்ஸ் குடுங்க.