காசு கட்டி ஃபேன்டஸி கிரிக்கெட் ஆட தமிழ்நாட்டில் லைசென்ஸ் உண்டா?

சேப்பாக்கம் மேட்சுக்குக் காசு கட்டி ஃபேன்டஸி டீம் போட (நிஜ வீரர்களை வைத்து நாமே ஒரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி எடுப்பது), லைசென்ஸ் உள்ள ஆப் எது என்று கேட்கிறீர்கள். அப்படி ஒன்று இப்போது கிடையாது.

முன்பு ஓர் ஆட்டம் ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்பதுதான் சட்டத்தில் கேள்வி. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்த 2022 தமிழ்நாடு சட்டத்தை மறுவருடம் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து விலக்கியது. அப்புறம் மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் 5 வரை ஆடக்கூடாது என்றெல்லாம் விதி போட்டது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்துக்கு அந்தப் பாகுபாடே இல்லை. பணம் கட்டி பணம் ஜெயிக்கும் எந்த ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஃபேன்டஸி ஆப்பான ட்ரீம்11 உடனே கட்டணப் போட்டிகளை நிறுத்தியது.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் பக்கத்து அறைத் தம்பி, டாஸ் போட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு கேப்டனை மாற்றுவான். 49 ரூபாயில் ஆரம்பித்தது, அறை வாடகையில் கைவைத்தது. அதனால் சொல்கிறேன்: ‘லைசென்ஸ் இருக்கு’ என்று டெலிகிராமில் லிங்க் வந்தால் தொடாதீர்கள்.