டேப்பைக் கணினியில் ஏற்றினால் ஒலி ஏன் பின்தங்குகிறது?

கேள்வி: 1996 தைப்பூசக் காவடியை 8 மி.மீ. டேப்பில் எடுத்து வைத்திருக்கிறோம். யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக் வழியாகக் கணினியில் ஏற்றினால், தொடக்கத்தில் மேளச் சத்தம் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேர முடிவில் 2 விநாடி பின்தங்கிவிடுகிறது. சரிசெய்ய முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முடியும். ஆனால் கோளாறு எந்த வகை என்று தெரியாமல் ஒலியில் கை வைக்காதீர்கள். 15, 30, 45ஆவது நிமிடங்களுக்குப் பக்கத்தில் தேங்காய் உடைபடும் இடத்தையோ, மேளத்தில் குச்சி விழும் இடத்தையோ தேடுங்கள். அது கேமராவுக்கு அருகில் நடந்ததாக இருக்க வேண்டும். 34 மீட்டர் தள்ளி உடைத்த தேங்காயின் சத்தம் வந்துசேரவே 0.1 விநாடி ஆகும். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லி விநாடி வீதம் முன்னும் பின்னும் நகர்த்தும். எத்தனை அழுத்தலில் பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கால் மணிக்கு அரை விநாடி என்று சீராக ஏறினால், படத்துக்கும் ஒலிக்கும் கடிகாரம் வேறு வேறு. படம் வரும் மஞ்சள் வயர் ஸ்டிக்கிலும், ஒலி வரும் சிவப்பு வெள்ளை வயர்கள் கணினியின் மைக் துளையிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றையும் ஸ்டிக்கிலேயே செருகி, ஒலியின் மாதிரி வீதத்தை (சாம்பிள் ரேட்) 48,000 ஹெர்ட்ஸில் வைத்துப் பதியுங்கள். ஏற்கெனவே ஏற்றிய கோப்பையும் காப்பாற்றலாம்: ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒலியைத் திறந்து, வேகம் மாற்றும் பெட்டியில் 3,602 விநாடியை 3,600 ஆக்குங்கள். 0.06 விழுக்காடுகூட இல்லாத இந்த மாற்றம் நாதஸ்வரத்தின் சுருதியில் காதுக்குத் தெரியாது.

சீராக இல்லாமல், திடீர் திடீரென்று விலகினால் பிரச்சினை வேறு. நம் பால் (PAL) வீடியோ முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படங்கள். 50 ஃபிரேம் தொலைந்தால் 2 விநாடி போயிற்று. பழைய டேப்பின் சிக்னல் நடுங்கும்போதும், கசங்கிய இடம் வரும்போதும், மலிவான ஸ்டிக் ஃபிரேமை விட்டுவிடுகிறது; ஒலி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே ஒலியைச் சுருக்கினால் நன்றாக இருந்த பகுதிகளும் கெடும். மறுபடி ஏற்றுவதே வழி.

பழைய 8 மி.மீ. டேப்பையும் ஓட்டும் டிஜிட்டல்8 கேம்கார்டர் இரவல் கிடைத்தால் அதைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். எல்லா மாடலும் ஓட்டாது, கேட்டு வாங்குங்கள். அது படத்தையும் ஒலியையும் ஒரே ஓட்டமாக ஃபயர்வயர் கேபிளில் அனுப்பும். கிடைக்காவிட்டால், ஸ்டிக்குக்கு முன்னால், சிக்னலின் நடுக்கத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் கருவியை வையுங்கள்.

டேப்பைப் போடுவதற்கு முன் அதன் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பாருங்கள். டர்பன் ஈரக்காற்றில் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்காகும், அடுத்த டேப்புக்கும் தொற்றும்.

கேள்வி: மினிடிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் டேப்பில் எடுத்த கல்யாணத்தைக் கணினியில் ஏற்றினால், தாலி கட்டும் வரை சரி. விருந்துப் பகுதியில் குரல் கீச்சென்று ஓடி, படத்தை முந்திவிடுகிறது.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நடுவில் யாரோ கேமராவின் ஒலி அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். 16 பிட் என்றால் 48,000 ஹெர்ட்ஸ், 12 பிட் என்றால் 32,000. மென்பொருள் முதல் பகுதியின் கணக்கையே கடைசி வரை பிடித்துக்கொண்டது. விருந்து தொடங்கிச் சில விநாடி கழித்து, அதைத் தனிக் கோப்பாக ஏற்றுங்கள். ஒரு மணி நேர டேப்புக்கு 13 ஜிபி இடம் வேண்டும்.