கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பெயரெடுக்க எத்தனை வருடம் ஆகும்?

சரியான ஆள் கிடைத்தால்கூட வருடக்கணக்கில் ஆகலாம். அமெரிக்காவின் ஜான் வுடனையே பாருங்கள். ஆட்டக்காரராகப் பர்டூ பல்கலைக்கழகத்தில் கொடிகட்டிப் பறந்தவர், அப்புறம் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்துகொண்டே பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கடற்படை. பிறகு இண்டியானாவில் ஓர் ஆசிரியர் கல்லூரி. 1947இல் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. ஆனால் அணியிலிருந்த கறுப்பின வீரர் கிளாரன்ஸ் வாக்கரை ஆடவிட மாட்டார்களாம். வுடன் போக மறுத்துவிட்டார். கோப்பைகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

1948இல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964இல்தான்! இன்றைய நிர்வாகங்கள் அவ்வளவு நாள் பொறுக்குமா என்பது சந்தேகமே. அதன்பின் நின்றால்தானே? 1975இல் ஓய்வு பெறுவதற்குள் 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள், நடுவே தொடர்ந்து 88 வெற்றிகள்.

அவர் பாணி? புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் பாடமே காலுறை போடுவதுதான். விரல், குதிகால் பக்கம் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்வார். கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு, இல்லையா?