தீ கடைசியில்தான் வருகிறது

அன்புள்ள ஐயா,

தீயணைப்பு வீரர்களே வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களை எரிக்கும் ரே பிராட்பரியின் நாவல் ‘ஃபாரன்ஹீட் 451’ படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வீடு வீடாகப் போய் இன்று யார் புத்தகத்தை எரிக்கிறார்கள்? வேண்டியதெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. 1953-இல் எழுதிய அந்தப் பயம் இனி பழங்கதைதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்,

நீங்கள் தீயை மட்டும் பார்த்துவிட்டீர்கள். தீயணைப்புத் தலைவன் பீட்டி, தன்கீழ் வேலை பார்க்கும் கதாநாயகன் மான்டாக்கின் படுக்கையருகே உட்கார்ந்து பேசும் இடத்தை மறுபடி படியுங்கள். இதை ஆரம்பித்தது அரசாங்கம் இல்லை என்கிறான். பெரிய நூல்கள் முதலில் 15 நிமிட வானொலி நிகழ்ச்சியாகச் சுருங்கின. அப்புறம் 2 நிமிடப் பத்தி, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரி. மக்கள் தாங்களாகவே படிப்பதை விட்ட பிறகுதான் கொளுத்த ஆள் வந்தது.

அந்த நாவலுக்கே நடந்ததைக் கேளுங்கள். 1967-இல் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு வந்தது. பதிப்பகத்தார் பிராட்பரியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுமார் 75 இடங்களில் கை வைத்திருந்தார்கள். வசைச்சொற்கள் போயின. ஒரு குடிகாரன் நோயாளியாகிவிட்டான். 1973 முதல் கடையில் கிடைத்ததே அந்தப் பதிப்புதான். 1979-இல்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது; விடாப்பிடியாக நின்று மூலத்தை மீட்டார். எரித்திருந்தால் சாம்பலாவது காட்டிக்கொடுத்திருக்கும். அந்த நோயாளியைப் படித்த பிள்ளைக்கு என்ன சந்தேகம் வரும்? வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

சரி, போன். 2009 ஜூலையில் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவியிலிருந்தே ஆர்வெல்லின் ‘1984’ நாவலை நீக்கியது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நம் அலமாரி வரை அவர்கள் கை நீளும் என்பது தெரிந்துபோயிற்று.

நாவலின் முடிவில் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து திரிகிறார்களே, அதையும் வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்டாலின் காலத்தில் ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா தன் ‘ரெக்வியம்’ கவிதைகளைத் துண்டுத்தாளில் எழுதி, தோழி லிடியா சுகோவ்ஸ்கயாவிடம் நீட்டுவார். சுவருக்கும் காது இருக்கும் என்ற அச்சத்தில், வாய் தேநீரைப் பற்றி ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும். லிடியா வரிகளை மனதில் ஏற்றிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுப்பார். அக்மதோவா தீக்குச்சியைக் கிழித்து, சாம்பல் கிண்ணத்தின் மேல் அதை எரித்துவிடுவார். சோவியத் நாட்டில் அந்தக் கவிதைகள் அச்சேற 1987 ஆனது.

அன்புடன்