இரண்டாம் உலகப் போரின் உண்மையான திருப்புமுனை எது? என் ஓட்டு அட்லாண்டிக் கடலுக்கு

கேட்டிருப்பது: ஸ்டாலின்கிராட், மிட்வே, நார்மண்டி, இவற்றில் எது இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனை?

மூன்றுமே இல்லை என்பேன். 1943 மே மாதம், வட அட்லாண்டிக் கடல். சரக்கு அனுப்பும் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாலின்கிராட் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. 1943 பிப்ரவரி 2 அன்று அங்கே மிச்சமிருந்த ஜெர்மானியப் படை சரணடைந்தபோது சுமார் 91 ஆயிரம் பேர் கைதிகள். அதற்கப்புறம் ஹிட்லர் கிழக்கில் குர்ஸ்கில் ஒருமுறை பெரிதாக முட்டிப் பார்த்ததோடு சரி. ஜெர்மானியத் தரைப்படையின் முதுகெலும்பை உடைத்தது சோவியத் படைதான். மிட்வேயில் 1942 ஜூனில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களைப் பறிகொடுத்தது, பசிபிக் கணக்கு அங்கே மாறியது. நார்மண்டியைத்தான் நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். 1944 ஜூன் 6 அன்று கரையேற வேண்டுமென்றால் அதற்கு முன்பே அமெரிக்காவிலிருந்து ஆளும் டாங்கியும் பெட்ரோலும் கடல் தாண்டி பிரிட்டனில் வந்து குவிந்திருக்க வேண்டும். அந்த வழி திறந்திருக்குமா என்பது ஓராண்டு முன்பே தீர்ந்துபோன விஷயம்.

பிரிட்டன் ஒரு தீவு. பெட்ரோலியம் கிட்டத்தட்ட முழுக்க வெளியிலிருந்து வர வேண்டும், சாப்பாட்டிலும் பெரும்பங்கு அப்படித்தான். 1940-ல் பிரான்ஸ் விழுந்ததும் லோரியான், பிரெஸ்ட், சென் நசேர் துறைமுகங்கள் ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் கைக்கு வந்தன. அட்லாண்டிக் அவர்களுக்கு வாசற்படி ஆயிற்று. போர் முழுவதிலும் தன்னை உண்மையிலேயே பயமுறுத்தியது இந்த நீர்மூழ்கி ஆபத்து ஒன்றுதான் என்று சர்ச்சில் பின்னாளில் எழுதினார்.

ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிட்ஸின் உத்தி ஓநாய்க் கூட்டம். நீர்மூழ்கிகள் கடலில் வரிசையாகப் பரவி நிற்கும். ஒன்றின் கண்ணில் சரக்குக் கப்பல் அணி பட்டால் ரேடியோவில் சொல்லும், மற்றவை கூடும், இரவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து பாயும். கரையிலிருந்து கிளம்பும் விமானங்கள் எட்டாத ஒரு பகுதி கிரீன்லாந்துக்குத் தெற்கே நடுக்கடலில் இருந்தது. அடி விழுந்ததெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். 1942 நவம்பரில் மட்டும் நீர்மூழ்கிகள் 7 லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்களை மூழ்கடித்தன. 1943 மார்ச்சில் எஸ்சி 122, எச்எக்ஸ் 229 என்ற இரண்டு அணிகள் மாட்டிக்கொண்டன: 22 சரக்குக் கப்பல்கள் போயின, பதிலுக்கு மூழ்கிய நீர்மூழ்கி ஒன்றே ஒன்று. மேலும் நேச நாடுகளின் அணிகளுக்குப் போகும் ரகசியக் குறியீட்டை ஜெர்மானியர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மானியர்களின் எனிக்மா குறியீட்டு இயந்திரத்தை பிரிட்டன் உடைத்த கதை தெரிந்த பலருக்கும் எதிர்ப்பக்கமும் இதைச் செய்தது தெரிவதில்லை.

எனிக்மாவிலும் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. 1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிப் படை நான்கு சக்கர இயந்திரத்துக்கு மாறியதும் பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க் பத்து மாதம் குருடாகிப் போனது. கண் திறந்தது மத்தியதரைக் கடலில். அக்டோபர் 30 இரவு, பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிடம் அடிபட்டு யு-559 மூழ்கிக்கொண்டிருந்தது. ஃபாசன் என்ற அதிகாரியும் கிரேசியர் என்ற மாலுமியும் அதன் உள்ளே இறங்கி, இருட்டில், தண்ணீர் ஏற ஏறப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். ஏணியில் நின்று வாங்கி மேலே சேர்த்தவன் டாமி பிரவுன், கப்பல் கேன்டீன் உதவியாளன், வயது 16. வயதை ஏமாற்றி வேலைக்குச் சேர்ந்தவன். திடீரென்று நீர்மூழ்கி அமிழ்ந்தது. பையன் தப்பினான், உள்ளே இருந்த இருவரும் அதோடு போனார்கள். அவர்கள் எடுத்துக் கொடுத்தவற்றில் இருந்த வானிலைக் குறியீட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் எனிக்மாவை டிசம்பரில் மறுபடி உடைத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி லிவர்பூல். காசநோயால் ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியை 1942-ல் திரும்பக் கூப்பிட்டு, நீர்மூழ்கிகள் எப்படித்தான் தாக்குகின்றன என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கையில் கொடுத்தது கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த சில இளம்பெண்களை. அவர்கள் தரையில் சாக்பீஸால் கடலை வரைந்து, பொம்மைக் கப்பல்களை நகர்த்தி, நடந்த தாக்குதல்களைத் திரும்ப ஆடிப் பார்த்தார்கள். நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். கணக்கு அப்படி வரவில்லை. அது பின்பக்கமாக மேலே வந்து, அணிக்கு உள்ளேயே நுழைந்து சுடுகிறது! காவல் கப்பல்கள் எதிரியை எங்கேயோ தேட, எதிரி சரக்குக் கப்பல்களுக்கு நடுவே இருந்தான். இதற்கு அவர்கள் அமைத்த பதில் உத்தியைக் காவல் கப்பல் அதிகாரிகள் அங்கேயே வந்து, துணித்திரையில் உள்ள ஓட்டை வழியே தரையைப் பார்த்து ஆடிக் கற்றுக்கொண்டார்கள். அட்லாண்டிக் தளபதி மேக்ஸ் ஹார்ட்டன் முதல் உலகப் போரின் பெயர்பெற்ற நீர்மூழ்கிக் கேப்டன். அவரே நீர்மூழ்கியாக ஆடி, ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் தொடர்ந்து தோற்றதாகச் சொல்வார்கள்.

1943 வசந்தத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் கூடி வந்தன. குண்டு வைக்கும் இடத்தில் கூடுதல் எரிபொருள் டாங்க் பொருத்திய நீண்டதூர லிபரேட்டர் விமானங்கள் நடுக்கடலை எட்டின. ஜெர்மன் நகரங்கள்மேல் குண்டு போடத்தான் பெரிய விமானங்கள் வேண்டும் என்று விமானப்படை இழுத்தடிக்காமல் இருந்திருந்தால் இது இன்னும் முன்பே நடந்திருக்கும், இதை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடார் வந்தது, அதை உணரும் கருவி அப்போது நீர்மூழ்கிகளிடம் இல்லை. ஓநாய்க் கூட்டம் ஒன்றுசேர ரேடியோவில் பேசியே ஆக வேண்டும், அந்தப் பேச்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் கருவி காவல் கப்பல்களில் ஏறியது.

மே முதல் வாரத்தில் ஓஎன்எஸ் 5 என்ற அணியை சுமார் 40 நீர்மூழ்கிகள் சூழ்ந்தன. காவலுக்குத் தலைவர் பீட்டர் கிரெட்டன். புயலில் எரிபொருள் நிரப்ப முடியாமல், தன் கப்பலோடு பாதியிலேயே கரைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, சண்டையை அவரால் பார்க்க முடியவில்லை. முதலில் 13 சரக்குக் கப்பல்கள் மூழ்கின. மே 5 மாலை பனிமூட்டம் இறங்கியது. ரேடார் இருந்தவர்களுக்குப் பார்வை இருந்தது, நீர்மூழ்கிகளுக்கு இல்லை. விடிவதற்குள் வேட்டை திசைமாறிவிட்டது. இந்த அணியோடு மோதிய சண்டையில் ஆறு நீர்மூழ்கிகள் போயின.

அடுத்த அணி எஸ்சி 130, காவல் மறுபடி கிரெட்டன். ஊருக்குப் போனதும் அவருக்குக் கல்யாணம், எனவே தாமதம் கூடாது! ஒரு சரக்குக் கப்பல்கூட மூழ்காமல் சொன்ன நேரத்துக்குக் கொண்டுசேர்த்தார். அந்த அணியைத் தாக்க வந்து மே 19-ல் மூழ்கிய யு-954-ல் யாரும் பிழைக்கவில்லை. அதில் இருந்தவர்களில் ஒருவர் பீட்டர், 21 வயது, டோனிட்ஸின் மகன்.

அந்த மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் காலி. மே 24 அன்று டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் படையைப் பின்வாங்கச் சொன்னார். அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களோ லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளிக்கொண்டே இருந்தன, மொத்தம் 2,710. சேதத்தைவிட உற்பத்தி வேகமாக ஓடியது.

மே மாதத்தில் தோற்றிருந்தாலும் பிரிட்டன் உடனே பட்டினியில் விழுந்திருக்காது என்று வாதாடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. சரியாகவே இருக்கலாம். ஆனால் 1944 கோடையில் படையெடுப்பு நடந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இந்தச் சண்டையில் இந்தியர்களும் இருந்தார்கள். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் கொதிகலன் அறைகளிலும் சமையலறைகளிலும் வேலை பார்த்த, லாஸ்கர்கள் எனப்பட்ட மாலுமிகள், சில்ஹெட்காரர்கள், கோவாக்காரர்கள். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைந்த சம்பளம். போரில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வெள்ளை மாலுமியின் பாடும் பெரிதாக இல்லை: 1941 மே வரை கப்பல் மூழ்கிய நாளோடு அவர் சம்பளமும் நின்றுவிடும்.

ஜெர்மனி திரும்ப வர முயலாமல் இல்லை. நெடுநேரம் நீருக்கடியிலேயே வேகமாக ஓடக்கூடிய 21-ஆம் ரக நீர்மூழ்கியை உருவாக்கினார்கள், உண்மையிலேயே அசாத்தியமான படகு. அந்த ரகத்தின் யு-2511 தன் முதல் போர்ப் பயணத்துக்குக் கிளம்பியது 1945 ஏப்ரல் 30-ல், ஹிட்லர் தற்கொலை செய்துகொண்ட அதே நாளில்.