களிமண் நனோகுழாயில் யூரியேஸ் கொண்டு சுண்ணப் பூச்சு: கேள்வி பதில்

அறிவியல் நகர் மாணவி: அக்கா, ஹலோய்சைற்றில் (குழாய் வடிவக் களிமண்) சுண்ணப் பூச்சு படியவேயில்லை. குவளையின் அடியில் தனிப் பளிங்குகள்தான் கிடக்குது. எங்க பிழை?

யூரியேசை ஒட்டவைக்காததும் மிஞ்சினதைக் கழுவாததும்தான் பிழை, தங்கச்சி. யூரியேஸ் எண்டது யூரியாவை உடைத்து அமோனியாவும் காபனேற்றும் தரும் நொதியம். குழாயின் வெளிப்புறம் சிலிக்கா, எதிரேற்றம். பீஎச் 7இல் யூரியேசும் எதிரேற்றம்தான். வெளியில் ஒட்டாது, கரைசலில் சும்மா மிதக்கும். மிதக்கிற நொதியம் தான் நிக்கிற இடத்திலேயே சுண்ணத்தை (கல்சியங் காபனேற்றை) விழுத்தும்.

100 மில்லிகிராம் குழாயை 20 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் பொலியெதிலீனிமீன் (நேரேற்றமுள்ள பல்பகுதியம்) சேருங்கோ. கால் மணித்தியாலம் கலக்கி, மையநீக்கியில் இட்டு இரண்டு தரம் கழுவுங்கோ. இப்ப மேற்பரப்பு நேரேற்றம். பிறகு யூரியேஸ், மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம், அரை மணித்தியாலம். மூன்று தரம் கழுவுங்கோ.

கடைசிக் கழுவல் நீரில் கொஞ்சம் எடுத்து யூரியாவும் பீனோல் சிவப்பும் (பீஎச் ஏறினால் நிறம் மாறும் காட்டி) விடுங்கோ. மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் சரி. ரோசாவாக மாறினால் நொதியம் இன்னும் கசியுது, திரும்பக் கழுவ வேணும். இந்தச் சோதனையை ஒருக்காலும் விடாதேங்கோ.

முல்லைத்தீவு ஆசிரியர்: கல்சியமும் யூரியாவும் எவ்வளவு?

கழுவின குழாயை இடுகிற 50 மில்லிலீற்றர் கரைசலில் யூரியா 0.06 கிராம், இருநீரேற்றிய கல்சியங் குளோரைட்டு 0.147 கிராம். இரண்டுமே 0.02 மோலார். முழுதும் படிந்தால் 100 மில்லிகிராம் கல்சியங் காபனேற்று, குழாயின் எடைக்குச் சமன். 60 நனோமீற்றர் குழாயில் ஏறத்தாழ 10 நனோமீற்றர் தடிப்பு. பொசுபேற்றுத் தாங்கல் கரைசல் வேண்டாம், கல்சியத்தைப் பிடித்து விழுத்திப்போடும். கல்சியத்தைக் கட்டிப்பிடிக்கிற ஈடீரீஏயும் (EDTA) கூடாது.

முழங்காவில்: கிணற்றுத் தண்ணி பாவிக்கலாமா?

வேண்டாம். உங்கட கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியிறது இதே சுண்ணம்தான். யூரியா உடைஞ்சு பீஎச் ஏற, அந்தத் தண்ணியில் இருக்கிற கல்சியமும் சேர்ந்து விழும். பூச்சு எவ்வளவு எண்டு அளக்கவே ஏலாது.

வவுனியா: யூரியேஸ் விலை கூட. வேற வழி இருக்கா?

பழகிப் பார்க்க வத்தகப்பழ விதை காணும். தோலை உரித்து ஓரிரவு ஊறவைத்து, குளிர்ந்த நீரில் அரைத்து வடியுங்கோ. மற்றப் புரதங்களும் சேர்ந்து ஒட்டும், அதால் பூச்சு சீராக வராது. பச்சைச் சோயாவிலும் யூரியேஸ் உண்டு. சோயா மீற்றில் இல்லை, தயாரிக்கிற சூட்டில் அது செத்துப்போகும்.

மாணவி: காயவைக்கிறது எப்படி?

எதனோலில் கழுவி 40 பாகையில். நூறுக்கு மேலே போனால் குழாய்கள் கட்டி பிடிக்கும். ஒரு துளி ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கோ. நுரைத்தால் காபனேற்று இருக்கு. அது குழாயில் ஒட்டியிருக்கா, பக்கத்தில் கிடக்கா எண்டதை இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் காட்டும்.